நாலாவது துளை

வாங்க தம்பி. அந்த ஸ்டூல்ல உட்காராதீங்க, அதுக்கு ஒரு கால் நொண்டி. இந்தப் பெட்டி மேல உட்காருங்க. மேகலா டயர் பார்க்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா. நான் அவளுக்குப் பெரியப்பா, நாச்சிமுத்து. கணபதி ஸ்டாப்புல இறங்கி பேலன்சிங் நாச்சிமுத்துன்னு யாரை வேணும்னாலும் கேளுங்க. "இன்னும் இருக்காரா?"ன்னு கேட்பாங்க. இருக்கேன்.

நீங்க டேம்பர் கம்பெனி ஆளுதானே? சொல்ல வேண்டாம், சட்டையே சொல்லுது. தேய்ச்ச சட்டையோட பட்டறைக்குள்ள வர்றவங்க ரெண்டே ரகம். ஒண்ணு கம்பெனி ஆளு, இன்னொண்ணு பொண்ணு பார்க்க வர்றவங்க. மேகலாவைப் பார்க்க வந்த கடைசி ஆளு வந்து நாலு வருஷம் ஆச்சு. அவர் கார் வாசல்ல நிக்கறதுக்குள்ள, "மூணாவது சிலிண்டர் வேலை செய்யல, முதல்ல அதைப் பாருங்க"ன்னுட்டா. பொறவு யாரும் வரல.

நீங்க பார்க்க வந்த சாமான் அதோ அந்த பெஞ்சு மேல, துணிக்கு அடியில இருக்கு. மூணு வாரமா யாரும் அதைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு. நானும் தொடல.

உங்க வேலை எனக்குத் தெரியும். "கம்பெனித் தப்பு"ன்னு நீங்க எழுதினா புதுசு ஒண்ணு வரும், அதை மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை மேகலா இந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம் ஓட்டுவா. "பட்டறைத் தப்பு"ன்னு எழுதினா புதுசு வராது, அவ ஓட்ட மாட்டா. இன்னிக்கு வியாழன். ஓட்டலைன்னா என்ன போச்சுன்னு கேட்பீங்க. புனேயில இருந்து ஒரு டீம்காரங்க பார்க்க வர்றாங்க. அவங்க காரை அடுத்த வருஷம் ஓட்ட ஒரு ஆளு வேணும். மேகலாவும் ஒசூர்க்காரன் ஒருத்தனும்தான் மிச்சம். கால் மைல் தூரம், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. யாரு முந்தறாங்களோ அவங்களுக்கு அந்த சீட்டு. அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. இன்னொருக்கா வந்து யாரும் கேட்க மாட்டாங்க.

அதனால பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி நடந்ததைக் கேட்டுக்கங்க. நான் உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளு. கொஞ்சம் சுவையா சொல்லுவேன், அவ்வளவுதான்.

முதல்ல நான் யாருன்னு தெரியணும். அம்பத்திரண்டு வருஷம் பேலன்சிங். சுத்தற சாமான் எதுவா இருந்தாலும் மிஷின்ல ஏத்தி, எந்தப் பக்கம் கனம்னு பார்த்து, அந்த இடத்துல துளை போட்டு எடையைக் குறைக்கறது. தொழில் அவ்வளவுதான். ஆனா கை வேணும். சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டாரை நான் பேலன்ஸ் பண்ணிக் குடுத்தேன். ஓடுதா நிக்குதான்னே தெரியாது. ஈ.பி.காரர் வந்து காதை வெச்சுக் கேட்டுட்டு, "மோட்டார் ஓடல, மீட்டர் மட்டும் ஓடுது, கரண்டு எங்கயோ திருட்டுப் போகுது"ன்னு கேஸ் எழுதிட்டார். ரெண்டு வருஷம் கேஸ் நடந்துச்சு. கடைசியில ஜட்ஜே தோட்டத்துக்கு வந்து மோட்டார் மேல மோர் டம்ளரை வெச்சுப் பார்த்தார். மோர் அசையல. சிரிக்காதீங்க. மேகலாவும் இந்த இடத்துலதான் சிரிப்பா.

சரி, டேம்பர். உங்களுக்குத் தெரியாததில்ல. இருந்தாலும் நான் சொல்லிக்கிட்டே போனாத்தான் எனக்குக் கோர்வையா வரும். எஞ்சினுக்குள்ள கிராங்க்னு ஒரு இரும்புத் தண்டு. நாலு பிஸ்டனும் மாத்தி மாத்தி அதை மிதிக்குது. அந்தக் கிராங்கோட மூக்குல மாட்டற வட்டுதான் டேம்பர். அது எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல. பெல்ட் ஓடறதுக்குன்னு நினைச்சிருந்தேன்.

காரைப் பந்தயத்துக்குத் தயார் பண்றப்ப மேகலா அந்த பெஞ்சு மேல மூணை வரிசையா வெச்சா. ஒண்ணு காரோடயே வந்தது, நடுவுல இரும்பு, வெளியே ஒரு இரும்பு வளையம், ரெண்டுக்கும் இடையில ரப்பர். ரெண்டாவது நான் லேத்துல கடைஞ்சது, ஒரே துண்டு அலுமினியம், முகம் பார்க்கலாம். மூணாவது உங்க சாமான். அப்ப வெறும் படம்தான். மூடின டப்பா, அதுக்குள்ள ஒரு கனத்த வளையம், தேன் மாதிரி ஒரு சிலிக்கான் எண்ணெய்ல மிதந்துக்கிட்டு.

"எது பெரியப்பா?"ன்னா.

"இதைக் கேட்கணுமா? என் வட்டு. அது மூணு கிலோ, இது அறுநூறு கிராம். எஞ்சின் பறக்கும் அம்மிணி."

"பறக்கும். கிராங்கும் உடையும்."

"உடையறதுக்கு அது அப்பளமா? நான் பேலன்ஸ் பண்ணின கிராங்க். அரை கிராம் தப்பிருந்தா என் காதை அறுத்துக்கோ."

"பேலன்ஸ் வேற, முறுக்கு வேற."

சொல்லிட்டு ஒரு ஈரத் துண்டோட ஒரு முனையை என் கையில குடுத்தா. மறுமுனையை அவ பிடிச்சு, பிழியற மாதிரி முறுக்கினா, விட்டா, முறுக்கினா, விட்டா. "பிஸ்டன் ஒவ்வொருக்கா மிதிக்கும்போதும் கிராங்க் இப்படித்தான் முறுக்கிட்டுத் திரும்புது. மயிரிழை அளவுதான். எட்டாயிரம் சுத்துல ஒரு ஆட்டம் அடங்கறதுக்குள்ள அடுத்தது சேர்ந்துக்குது. அப்ப எவ்வளவு நல்லா பேலன்ஸ் பண்ணியிருந்தாலும் இரும்பு விரிசல் விடும். அந்த ஆட்டத்தைக் குடிக்கறதுக்குத்தான் டேம்பர். உங்க வட்டு எதையும் குடிக்காது, பளபளன்னு இருக்கும்."

"அப்ப காரோட வந்த ரப்பரையே மாட்டிக்கோ."

"அது கம்பெனி எஞ்சினோட ஆட்டத்துக்கு அளந்து வெச்சது. நான் பிஸ்டனை மாத்திட்டேன், சுத்தை ஏத்திட்டேன். என் ஆட்டம் இப்ப வேற இடத்துல வருது. சூட்டுல ரப்பரும் நழுவும். எண்ணெய்ல மிதக்கறது எந்தச் சுத்துலயும் குடிக்கும்."

எனக்கு ரோஷம் வந்துருச்சு. ரெண்டு நாள் சாப்பிடல. அதாவது வீட்டுல சாப்பிடல, கடையில சாப்பிட்டேன். அது அவளுக்குத் தெரியாது. மனசு இளகி, உங்க சாமான் வர்ற வரைக்கும் பழக்க ஓட்டத்துக்கு மட்டும் என் வட்டை மாட்டினா. நாலாவது ஓட்டத்துல, கிராங்கோட மூக்குலயே ஓடற ஆயில் பம்ப்போட பல்லு பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. பம்ப்புல வார்ப்படத் தப்பு இருந்திருக்கும். என் வட்டுல ஒரு கீறல் இல்லைங்க, காட்டறேன் வேணும்னா. அவ வட்டைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, "பத்திரமா வெச்சுக்குங்க பெரியப்பா"ன்னா. அந்த மரியாதைதான் என்னைக் குத்துச்சு.

உங்க சாமான் வந்தது மூணு வாரம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை பந்தயம். சனிக்கிழமை காலையில லைசென்சுக்கு உடம்பு பரிசோதனைன்னு மேகலா கிளம்பினா. மெக்கானிக் அப்பாஸ் வண்டி ஓட்டிக்கிட்டுப் போனான். பட்டறையில நான், டேம்பர், பேலன்சிங் மிஷின். மூணு பேருதான்.

சொல்லக் கூடாதுதான். ஆனா இதை விட்டுட்டா மிச்சக் கதை நிக்காது. பேனாவை மூடுங்க. இது உங்க காதுக்கு மட்டும்.

சும்மா ஒருக்கா சுத்தித்தான் பார்ப்போமேன்னு நினைச்சேன். வெளியூர்க்காரன் பேலன்ஸ் பண்ணினதை அப்படியே நம்பி மாட்டறதா? முகப்புல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு, சிவப்பு எழுத்து, இங்கிலீஷு. பக்கத்துல ஒரு துளை போடற பிட்டு படம், அது மேல குறுக்கே ஒரு கோடு. விளம்பரம் போலன்னு நினைச்சேன். ஸ்டிக்கர் அரை கிராமாவது இருக்கும், கணக்கைக் கெடுக்கும்னு முதல் வேலையா அதை உரிச்சுப் போட்டேன்.

மிஷின்ல ஏத்திச் சுத்தினேன். நூத்திப்பத்து டிகிரியில கனம்னு காட்டுச்சு. நிறுத்தி மறுபடி சுத்தினேன், இருநூத்தி நாப்பது. மறுபடி, முப்பது. அம்பத்திரண்டு வருஷத்துல எந்த இரும்பும் என்கிட்ட இப்படிப் பேச்சு மாத்தினதில்ல. உள்ளே வளையம் மிதக்குது, நிறுத்தும்போதெல்லாம் வேற வேற பக்கம் போய் உட்காருது. இப்பத் தெரியுது. அப்ப எனக்கு அது திமிராத் தெரிஞ்சுது. முதல்ல வர்ற வார்த்தைதான் நிஜம், பொறவு வர்றதெல்லாம் யோசிச்சுச் சொல்றதுன்னு முடிவு பண்ணி, நூத்திப்பத்து டிகிரியில கோடு போட்டேன்.

பின்பக்கம் உங்க கம்பெனிக்காரங்களே மூணு துளை போட்டிருந்தாங்க, பேலன்சுக்காக. ஒவ்வொரு உருப்படிக்கும் எண்ணிக்கை மாறும், எனக்கும் தெரியும். அவங்க போடலாம், நான் போடக் கூடாதா? அதே வட்டத்துல நாலாவதை ஆரம்பிச்சேன். ஒரு மில்லி. ரெண்டு. மூணு. சுருள் சுருளா அழகா வந்துச்சு. நாலாவது மில்லியில பிட்டு வழுக்குன்னு உள்ளே போச்சு.

கைக்குத் தெரிஞ்சுது தம்பி. அம்பத்திரண்டு வருஷக் கை, தெரியாம இருக்குமா? பிட்டை வெளியே எடுத்தா, நுனியில ஒரு சொட்டு. தண்ணி நிறம், மணம் இல்ல, இழுத்தா நூலா நீளுது. துருப் பிடிக்காம இருக்கப் பூசின கிரீஸுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இரும்பு ஒட்டற ரெண்டு பசையைக் கலந்து நாலு துளையையும் அடைச்சு, தேய்ச்சு, பின்பக்கம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடிச்சேன். நாலு துளையும் ஒரே மாதிரி ஆயிருச்சு. மேகலா வந்தப்ப நான் காப்பி குடிச்சிட்டிருந்தேன்.

"ஸ்டிக்கர் எங்க பெரியப்பா?"

"பந்தயக் காருக்கு அலங்காரம் எதுக்கு அம்மிணி?"

என்னை ஒரு நிமிஷம் பார்த்தா. அப்புறம் மாட்டிட்டா.

ஞாயித்துக்கிழமை. வெயிலுன்னா அப்படி ஒரு வெயிலு. முதல் ஓட்டத்துல மேகலா ஜெயிச்சா. எட்டாயிரத்து இருநூறு வரைக்கும் சுத்தியிருக்கா, எஞ்சின் பால் மாதிரி இருந்துச்சு. நான் அங்க டீ விக்கறவர்கிட்ட, எல்லாம் என் பேலன்சுதான்னு சொல்லிட்டிருந்தேன். அடுத்த ஓட்டத்துக்கு முன்னாடி சூடு ஆறட்டும்னு அப்பாஸ் பானெட்டைத் தூக்கினான். நான் எட்டிப் பார்த்தேன்.

பானெட்டோட உள்பக்கம், டேம்பருக்கு நேர் மேல, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒரு கோடு. ஈரக் கோடு. விரலால தொட்டேன். நூலா வந்துச்சு. மணம் இல்ல.

டேம்பருக்குள்ள இருக்கற எண்ணெய்தான் தம்பி. எண்ணெய் போயிட்டா உள்ளே வளையம் டப்பாவோட உரசிப் பிடிச்சுக்கும். பிடிச்சா அதுவும் என் அலுமினிய வட்டும் ஒண்ணுதான், எதையும் குடிக்காது. எட்டாயிரத்துல கிராங்க் போகும். அவ உட்கார்ற இடத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு தகரம்.

திரும்பறதுக்குள்ள பானெட்டை மூடிட்டாங்க. மேகலா ஹெல்மெட் போட்டு வரிசைக்கு நகர்ந்துட்டா. முன்னாடி மூணு ஜோடிக் கார். ஜன்னலைத் தட்டினேன்.

"அம்மிணி, ஒரு நிமிஷம் இரு, ஒரு விஷயம்."

"மோர் டம்ளர் கதையா? வந்து கேட்கறேன் பெரியப்பா."

கண்ணாடியை ஏத்திட்டா. முன்னாடி ரெண்டு ஜோடி. அப்பாஸைப் பிடிச்சேன். "டேம்பர் ஒழுகுதுடா!"

"போன வாரம் ரேடியேட்டருக்குள்ள சாரைப் பாம்புன்னீங்க. நான் மொத்தத்தையும் இறக்கிப் பார்த்தேன். போங்கைய்யா, போய் நிழல்ல உட்காருங்க."

பாம்பு இருந்துச்சு. அவன் பார்க்கறதுக்குள்ள போயிருச்சு. அது வேற விஷயம்.

முன்னாடி ஒரு ஜோடி. நான் எப்படி ஓடினேன்னு எனக்கே தெரியாது, வேட்டியை எங்க பிடிச்சிருந்தேன்னும் தெரியாது. கொடி வெச்சிருக்கிறவர் முன்னாடி போய் விழுந்தேன். துளை போட்டேன்னு சொல்லியிருக்கலாம். வாயில வந்தது என்னன்னா, "நாலாம் நம்பர் கார் ஆயில் ஒழுகுது, ரோடெல்லாம் ஆயில்!" ரோட்டுல ஆயில் விழுந்தா அடுத்த கார் வழுக்கும், அதனால உடனே நிறுத்தணும்ங்கறது சட்டம். மேகலா கோட்டுல நின்னுட்டா. பக்கத்துல அந்த ஒசூர்க்காரன். விளக்கு ஒண்ணொண்ணா மஞ்சளா இறங்குது, எஞ்சின் சத்தம் ஏறுது, ஏறுது, எனக்கு அந்தச் சத்தத்துல கிராங்க் முறுக்கறது மட்டும்தான் கேட்குது. சிவப்புக் கொடி ஏறிச்சு.

அந்த ஓட்டம் ஒசூர்க்காரனுக்குப் போச்சு.

ரோட்டுல ஒரு சொட்டு ஆயில் இல்ல. மேகலா பானெட்டைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்த்தா. விரலால தொட்டு இழுத்துப் பார்த்தா. அப்புறம் ஹெல்மெட்டைக் கழட்டி, "பெரியப்பா, நீங்க இதைத் தொட்டீங்களா?"

"தொடல."

"சத்தியமா?"

"தொடலைங்கறேன்ல. கம்பெனித் துளை ஆழமாப் போயிருக்கும்."

வீட்டுக்கு வந்தும் ஒருக்கா கேட்டா. அதையேதான் சொன்னேன். பேச்சு மாத்தறவன் இல்ல நான். அவ உட்கார்ந்து, "எங்க பட்டறையில யாரும் தொடவில்லை"ன்னு உங்களுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டா. மூணு வாரமா என்கிட்ட ஒரே கேள்விதான்: "சாப்பிட்டீங்களா?" அவ உசுரைக் காப்பாத்தினவன் நான். எனக்கு இதுதான் மரியாதை.

அதனால சொல்றேன் தம்பி, கம்பெனித் தப்புன்னே எழுதிருங்க. உங்க கம்பெனிக்கு ஒரு வட்டு. அவளுக்கு எல்லாமே அதுதான்.

ஏன் பையைத் திறக்கறீங்க? என்ன இது, புதுசா? கையோடயே கொண்டு வந்துட்டீங்களா? அப்ப நான் எதுக்கு இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன்?

திங்கக்கிழமையே உங்க கைக்கு வந்துருச்சா? மேகலாதான் மாட்ட மாட்டேன்னாளா? இருங்க, மெதுவா சொல்லுங்க. இதுவும் அதே லாட்டுங்கறீங்க. பழசும் இதுவும் ஒரே நாள், ஒரே மிஷின்ல துளை போட்டது. பழசுல கம்பெனித் துளை ஆழமாப் போயித்தான் ஒழுகியிருந்தா, இதுவும் ஒழுகலாம். மாட்ட முடியாது. வேற லாட்டு வர ஒரு மாசம். பழசை இந்தப் பட்டறையில யாராவது துளைச்சிருந்தா, இது நல்ல சாமான். மாட்டலாம். ஞாயித்துக்கிழமை ஓட்டலாம்.

அப்ப நான் தொடலைன்னு சொன்னதுதான் அவளை இத்தனை நாளா…

தண்ணி குடிச்சுக்கறேன். இருங்க.

அவ உங்களை என்ன சொல்லி அனுப்பினா? "கேள்வி எதுவும் கேட்காதீங்க, பெட்டி மேல உட்காருங்க, போதும், அவரே சொல்லிருவார்"னா? ஓகோ.

அடடே, அம்மிணி! எப்ப வந்தே? நூத்திப்பத்து டிகிரின்னு நான் சொன்னதுல இருந்தே கம்ப்ரசர் பக்கத்துல நிக்கறியா? நேரா என்னைக் கேட்டிருக்கலாமே! ரெண்டு தடவை கேட்டேங்கறா. ஆமாம், கேட்டா.

சரி, இப்பத்தான் கேட்டுட்டியே, அப்பாஸைக் கூப்பிடு, மாட்டு. ஏன் நிக்கறே? கேளுங்க தம்பி இந்தக் கூத்தை! "என்னை ஓட்ட வைக்கறதுக்காக இதையும் கட்டிச் சொல்லுவீங்க பெரியப்பா"ங்கறா. துளை போட்டேன்னாலும் நம்ப மாட்டியா? அம்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா ஒண்ணும் சேர்க்காமச் சொல்லியிருக்கேன்!

என்ன பிட்டுன்னு கேட்கறியா? கால் இஞ்ச். நான் எப்பவும் கால் இஞ்ச்தான், மில்லி பிட்டு என் கைக்கு ஆகாது. தம்பி, உங்க கம்பெனியில என்ன போடுவாங்க? ஆறு மில்லியா? அப்ப அளந்து பாருங்க. கால் இஞ்ச்னா ஆறு மில்லியும் முப்பத்தஞ்சும். வெர்னியர் மேல் டிராயர்ல இருக்கு. அம்மிணி, நீ பெயிண்டைச் சுரண்டு. நாலுலயும் பசையை ஊசியால நோண்டி எடு, மெதுவா, ஓரம் சிதையக் கூடாது.

அதுதான் முதல் துளை. எவ்வளவு? ஆறு. கம்பெனியோடது. அடுத்தது? ஆறு. மூணாவது? ஆறு.

தம்பி, அந்தப் பக்கம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க. அம்மிணி, வெர்னியரை நேராப் பிடி. தேய்ஞ்ச பிட்டா இருந்தா அளவு கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், இல்ல, தேயல, நான் அன்னிக்குத்தான் புதுசு எடுத்தேன், நெசமா. சொல்லு. வாயைத் திறந்து சொல்லு.

ஆறு முப்பத்தஞ்சு!

கேட்டீங்களா? நீங்களே குனிஞ்சு பாருங்க. ஆறு முப்பத்தஞ்சு. ஆழத்தையும் அளக்கச் சொல்லுங்க, நாலு மில்லின்னு சொன்னேனா இல்லையா? அப்பாஸு! புதுசைப் பிரிடா! அதை மிஷின்ல ஏத்தி ஒரே ஒருக்கா…

சரி. சரி அம்மிணி. தொடல.

வீட்டுக்குப் போகச் சொல்றா தம்பி. ஞாயித்துக்கிழமை முடியற வரைக்கும் பட்டறைப் பக்கம் வர வேண்டாமாம். பந்தயத்துக்கும் வர வேண்டாமாம். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கல, அந்த வெர்னியரைத்தான் துடைச்சிட்டிருக்கா. போறேன். செருப்பு எங்க? போறேன்.

இருங்க, நீங்க இன்னும் எழுதி முடிக்கலையே? பட்டறைத் தப்புன்னே எழுதுங்க, பரவாயில்ல, இந்தப் புதுசுக்குக் காசு நான் குடுத்துடறேன். மேகலாவுக்குத் தெரியாம நடந்ததுன்னு முதல் வரியா எழுதுங்க, அவ கையெழுத்து பொய்யாகக் கூடாது. அதுக்கு அடியில இன்னொரு வரி. யோசிச்சுப் பாருங்க, நான் துளை போடாம அது தானா ஒழுகியிருந்தா, இந்தப் புதுசையும் மாட்ட முடியாது, அவ ஞாயித்துக்கிழமை ஓட்டவும் முடியாது. நான் போட்டதாலதான் ஓட்டறா. கணக்கு சரிதானே? நாச்சிமுத்து, நாலு மில்லி, நூத்திப்பத்து டிகிரின்னு இனிஷியலோட எழுதுங்க.

எழுதறீங்களா?